கம்பளிக்கு உள்ளே பெல்ட்

வேலையை விட்டு ஓய்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுகிறபோது அவர்களுக்குத் தலை நரைத்திருக்கும். எனக்கு இருபத்தேழு வயது. எட்டாம் ஆண்டுக்கு மேல் படிக்கவும் இல்லை. ஆனாலும் போன வாரம் ஸ்கூல் வேன் சாவியைக் கௌசியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கத் தொடங்கிவிட்டது. இனி ஓட்டவே கூடாது என்று மிட்வைப் சொல்லிவிட்டார்.

கௌசி ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பெண். லைசன் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "அக்கா, மத்த வேன்ல எல்லாம் புள்ளைங்க மடியிலயும் நின்னுக்கிட்டும் போகுதுங்க. இந்த வேன்ல மட்டும் பெல்ட் போடாம ஒண்ணும் உக்காரதில்ல. எப்படிக்கா பழக்குனீங்க?" என்று கேட்டாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவள் பயந்து எனக்குத் தண்ணீர் வாங்கப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற மற்றவர்களுக்கும் உதவினால் சந்தோஷம்.

பழக்கியது நான் இல்லை, என் வீட்டுக்காரர். அவர் இப்போது இல்லை. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. வேன் டிரைவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எங்கே அடிபட்டது என்பதுதான். அவர் எங்கேயும் அடிபடவில்லை. அவர் ஓட்டின காலத்தில் அந்த வேன் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. இதை நான் முதலில் சொல்லியாக வேண்டும்.

கல்யாணம் ஆகும்வரை நான் பெரகலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர்தான் வேனுக்கு ஹெல்பராகக் கூப்பிட்டார். வேன் பண்டாரவளையில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நானாவுடையது. ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஸ்கூல் பிள்ளைகளையும் முன்பள்ளிப் பிள்ளைகளையும் கொண்டுபோய்க் கொண்டுவருவது வேலை. கொஞ்ச நாளில் எல்லாம் கற்றுக்கொண்டேன். பிறகு அவரே எனக்கு வேன் ஓட்டவும் பழக்கி லைசன் எடுக்க வைத்தார்.

வேலையில் அவர் வேறு ஆள். வீட்டில் என்னை "ஏய் மேகலா" என்று கூப்பிடுகிறவர், வேனில் ஏறிவிட்டால் "ஹெல்பர், கதவு" என்பார். நானும் "சாத்தியாச்சு டிரைவர்" என்பேன். வீட்டில் சண்டை போட்டு இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற நாளிலும் வேனில் அந்த மரியாதை குறையாது. ஒருநாள் ஒரு சின்னப் பெண் என் காதில், "ஹெல்பரக்கா, டிரைவர் மாமாவுக்கு கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். "பாவம் அந்த அக்கா, இவரு சிரிக்கவே மாட்டாரு" என்றாள். அன்று ராத்திரி அதைச் சொன்னபோது மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாவி அவர் பொறுப்பு, கதவு என் பொறுப்பு. அதில் ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது. வேன் நின்றால் முதலில் ஹேண்ட் பிரேக். பிறகு நான் இறங்கிப் பின் டயருக்கு மரக்கட்டை வைப்பேன். தோட்டத்து ரோட்டு ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. நான் "கட்டை வச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போடுவார். சாவி பைக்குள் போன பிறகுதான் நான் பிள்ளைகளின் கதவைத் திறப்பேன். எவ்வளவு மழை அடித்தாலும் இந்த வரிசை மாறாது. கதவு ரோட்டோர வாய்க்காலான கான் பக்கம்தான் திறக்கும், ரோட்டுப் பக்கம் ஒரு பிள்ளையும் இறங்காது. உள்ளே இருந்து பிள்ளைகள் கதவைத் திறக்க முடியாதபடி சைல்ட் லொக் போட்டிருப்போம். பின்னேரம் கடைசிப் பிள்ளை இறங்கியதும் நான் கடைசி சீட் வரைக்கும் போய், குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டு வருவேன். தூங்குகிற பிள்ளை சீட்டிலிருந்து சரிந்து கீழே கிடந்தால் வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

பெரிய பிள்ளைகளுக்கு சீட் பெல்ட். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடை எலும்பில் படிய வேண்டும், மேல் பட்டை கழுத்தில் அறுக்காமல் தோளில் கிடக்க வேண்டும். சின்னவர்களுக்குக் குழந்தை சீட். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் கிடைத்த சீட்டுகளை நானா தேடிக் கொடுத்தார். அதில் இரண்டு தோளுக்கும் பட்டை வந்து, நெஞ்சுக்குக் கீழே ஒரு கொக்கியில் சேரும். நடுவில் சிவப்பு பட்டன் இருக்கும். மாட்டியதும் பட்டைக்கும் தோளெலும்புக்கும் நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்ப்பேன். ஒரு விரல் போகலாம், கை போகக் கூடாது.

இதையெல்லாம் தோட்டத்தில் யாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்டுக்குட்டியா கட்டிப்போட என்று கேட்டார்கள். தாய் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா என்றார்கள். அதிகம் சத்தம் போட்டவர், வேலையாட்களை மேற்பார்க்கிற வேலு கங்காணி. இந்த மலையில் தன் பிடியிலிருந்து ஒன்றும் நழுவியதில்லை என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். என் வீட்டுக்காரர் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் முன்னால் இருக்கிற மைதானத்துக்கு வேனைக் கொண்டுவந்தார். கடையில் சின்னக் கோதுமை மா மூட்டை ஒன்றை வாங்கி, கங்காணியை முன் சீட்டில் உட்காரவைத்து, அவருக்குப் பெல்ட்டை மாட்டி, மூட்டையை மடியில் கொடுத்தார்.

"கங்காணியய்யா, இதுதான் ஒங்க பேத்தி. விட்ராதீங்க."

கங்காணி இரண்டு கையாலும் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேன் மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் பிரேக்கில் காலை வைத்தார். மூட்டை பறந்துபோய் முன்னால் அடித்து வெடித்தது. கதவைத் திறந்தால் கங்காணி மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. கண் மட்டும் தெரிந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் கோவில் பூசாரி வெளியே வந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ, "கங்காணியய்யா, பேத்தி எங்க?" என்று கேட்டார்கள். அதற்கும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள். பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து பெல்ட்டுக்கு எதிராக ஒருவரும் இல்லை, ஒருவரைத் தவிர.

அது சரசக்கா. மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவர், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அவர் மகன் நித்துவுக்கு நாலு வயது, முன்பள்ளிக்கு வருவான். அன்று மைதானத்தில் சரசக்கா சிரிக்கவில்லை. மறுநாள் நித்துவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்துபோனார். எங்கள் வேன் பக்கத்தில் போனபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பள்ளிக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு முடிந்துவிடும். அந்த வாரம் அவருக்குப் பாதிப் பேர்தான், பாதி நாள் கூலிதான் விழுந்தது.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நானே போய்க் கேட்டேன். குடம் நிரம்பி வழிந்தது. பிறகு சொன்னார். நித்துவுக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கிறாள். ஒரு வயதில் தவறிப்போனாள்.

"படுக்கவச்சு ரெண்டு கால் கட்டவெரலையும் சேத்து கட்டுனாங்க. சின்ன காலு. வெரலே தெரியல, துணிதான் தெரிஞ்சிச்சு. உசிரோட இருக்க புள்ளய ஏன் தங்கச்சி கட்டுறீங்க? என்னால பாக்க ஏலாது."

நான் அதை வீட்டில் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கை நின்றுவிட்டது. அது மூடநம்பிக்கை என்று அவர் சொல்லவில்லை. "பாக்க ஏலாதுன்னுதானே சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் காலையில் குளிர் எலும்பில் இறங்கும். தாய்மார் பிள்ளைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, கம்பளியும் சுற்றித்தான் அனுப்புவார்கள். ஆரம்பத்தில் நான் கம்பளியோடு உட்காரவைத்து அதற்கு மேல் பெல்ட்டை இறுக்கப் போனேன். அவர்தான் தடுத்தார். கம்பளிக்கு மேல் பெல்ட் எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே பிள்ளை தளர்ந்துதான் இருக்கும், வேன் குலுங்கி நின்றால் கம்பளிக்குள்ளிருந்து உருவிக்கொண்டு போய்விடும் என்றார். அதனால் எங்கள் வேனில் முதலில் கம்பளியை எடுப்போம், தடித்த ஸ்வெட்டரையும் கழற்றுவோம், பெல்ட் உடம்போடு படியப் போடுவோம், அதற்கு மேல் கம்பளியைப் போர்த்துவோம். கௌசி, இதை மறந்துவிடாதே. நம் பக்கத்துத் தாய்மார் செய்கிற தப்பு இது ஒன்றுதான், அதுவும் பாசத்தில் செய்கிறது.

மறுநாள் காலை அவர் சரசக்கா லயத்துக்கே போனார். பெல்ட் கம்பளிக்கு உள்ளேதான் இருக்கும், பட்டை ஒன்றும் வெளியே தெரியாது, பெல்ட் மாட்டும்போது மட்டும் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சரசக்கா நித்துவைக் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து தினமும் பிள்ளையை ஏற்றிவிட்டு வேனுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "போர்த்தியாச்சுக்கா" என்று நான் சொன்னதும் திரும்பி, கம்பளிக்கு மேலே தெரிகிற முகத்துக்குக் கையாட்டிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

பின்னேரம், பனி மூட்டம். மேல் லயத்துக்குப் போகிற ஏற்றத்தில், ஒரு வளைவுக்குச் சற்று மேலே, கடைசிக்கு முந்தின நிறுத்தம். அக்கா தங்கச்சி இரண்டு பேரை இறக்கினோம். உள்ளே நித்து மட்டும், அவன் சீட்டில் நல்ல தூக்கம். அப்போது மேலேயிருந்து கொழுந்து லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. தோட்டத்தில் கொழுந்து லொறிக்கு முன்னால் தோட்ட மேனேஜர் தொரையின் ஜீப்கூட நிற்காது. கொழுந்து சூடானால் கெட்டுவிடும். அவர் ஏறி ஸ்டார்ட் பண்ணினார், நான் கட்டையை எடுத்தேன், வேனை இடது ஓரமாக ஒதுக்கினார். நான் பிள்ளைகள் இரண்டு பேரையும் கான் மேல் இருக்கிற பலகையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

இடது டயர் கானுக்குள் சரியப் பார்த்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டயரைப் பார்க்க ஒரு நிமிஷம் இறங்கினார். சாவியை விட்டுவிட்டு அவர் இறங்கியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். டிரைவர் கதவு ரோட்டுப் பக்கம் திறந்து கிடந்தது. லொறி வருகிறது. வேலு கங்காணி அங்கே நின்றுகொண்டிருந்தார். லொறி கதவைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று ஓடிவந்து கதவைச் சாத்தினார். நல்ல எண்ணம்தான். ஆனால் தோட்டத்துப் பழைய ஜீப் கதவு லொக்கை அமுக்கிச் சாத்தாவிட்டால் வளைவில் திறந்துகொள்ளும். முப்பது வருஷம் அப்படிச் சாத்திய கை. லொக் குமிழை அமுக்கித்தான் சாத்தினார்.

மற்றக் கதவெல்லாம் எப்போதும் போலப் பூட்டித்தான் இருந்தது; பிள்ளைகளின் கதவையும் அவர்கள் இறங்கியதும் நான் பூட்டியிருந்தேன். சாவி உள்ளே, என்ஜின் ஓடுகிறது, டயருக்குக் கட்டை இல்லை, பிள்ளை உள்ளே.

லொறி போய்விட்டது. நான் திரும்பி வந்தபோது அவர் கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஹெல்பர், கட்டை" என்றார். அதே குரல். நான் ஓடிப்போய்க் கட்டையை வைத்தேன். ஈரத்தில் கட்டை சறுக்கியது. கங்காணி பெரிய கல் ஒன்றை உருட்டிவந்து வைத்தார். 

வேலை முடிந்து கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற பெண்கள் எல்லோரும் அதற்குள் கூடிவிட்டார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள். நித்து விழித்துக்கொண்டான். சுற்றிலும் கண்ணாடியில் முகங்கள். பனியில் அவனுக்கு எது யார் முகம் என்றும் தெரிந்திருக்காது. வீரிட்டு அழுதான். கையையும் காலையும் உதறியதில் கம்பளி கீழே விழுந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் நின்று பட்டனை அமுக்கு, கழற்றிவிட்டு வா என்று கத்தினார்கள்.

சரசக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெல்ட் போட்ட பிள்ளையை அவர் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எம்புள்ளைய கட்டிப்போட்டு பூட்டிட்டியேடா பாவி. அவன அவுத்துவிட சொல்லு."

இவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் பேசினார். சுற்றி நின்றவர்கள் கேட்பதற்காகவே வாயை மூடிக்கொண்டார்கள்.

"அக்கா, கட்டி இருக்கிறதாலதான் அவன் அங்கன இருக்கான். அவுந்தா முன்னுக்குத்தான் வருவான். ஸ்டியரிங்க புடிக்கணும்னு டெய்லி கேக்குறவன். அந்தா நடுவுல இருக்கு பாருங்க பிரேக்கு, அதுல கைய வச்சான்னா கல்லும் நிக்காது, கட்டையும் நிக்காது."

சரசக்கா வேனுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ரோடு கொஞ்சம்தான் தெரிந்தது. வளைவுக்கு அப்புறம் வெறும் பனி.

"நான் அந்தப் பக்கம் கண்ணாடிய ஒடைக்கப் போறேன். அதுமட்டும் அவன் கை அந்த சிவப்பு பட்டனுக்கு போகாம பாத்துக்குங்க. அழுவாம இந்தப் பக்கம் பாக்கணும். ஒங்களால மட்டுந்தான் ஏலும்."

சரசக்கா சட்டையை விட்டார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கண்ணாடியைத் துடைத்தார். முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அழுகையை எப்படி நிறுத்தினார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி, விரலால் கொழுந்து கிள்ளுவதுபோல் கிள்ளி, கிள்ளி, முதுகுக் கூடையில் போடுவதுபோல் பின்னால் போட்டுக் காட்டினார். வீட்டில் அவனோடு விளையாடுகிற விளையாட்டாம். நித்து விக்கிக்கொண்டே பார்த்தான். ஒரு கையைத் தூக்கினான். பிறகு அடுத்த கையையும் தூக்கினான். அவனும் கிள்ளிப் போட ஆரம்பித்தான்.

"வெரசா, வெரசா. ரெண்டு கையாலயும் எடு. கூடை நெறையணும்டா தங்கம். எந்திரிக்காத, உக்காந்துகிட்டே எடு."

மற்றப் பெண்களையும் அவர் கையசைத்துக் கூப்பிட்டார். வரிசையாகக் கண்ணாடி ஓரம் நின்று எல்லோரும் கொழுந்து எடுத்தார்கள். நாள் முழுக்க எடுத்துவிட்டு வந்தவர்கள்.

அந்தப் பக்கம் இவர் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, யாரோ கொடுத்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியின் முதுகால் டிரைவர் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தார். நடுவில் அடித்தால் உடையாது, மூலையில் அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. நித்து திடுக்கிட்டுத் திரும்பப் பார்த்தான். சரசக்கா கண்ணாடியில் நெற்றியை முட்டி, "இங்க பாரு, இங்க பாரு, அம்மா கூடை நெறஞ்சிருச்சு" என்றார்.

பெண்கள் கதவைத் திற, கதவைத் திற என்றார்கள். இவர் திறக்கவில்லை. உடைந்த இடத்தில் கையை விட்டு முதலில் ஹேண்ட் பிரேக்கை இன்னும் இழுத்தார். பிறகு என்ஜினை நிறுத்தினார். சாவியை எடுத்துப் பையில் போட்டு, உள்ளேயிருந்து பூட்டைத் திறந்துவிட்டார். என்னைப் பார்த்து, "ஹெல்பர், கதவு" என்றார். நான் பிள்ளையின் கதவைத் திறந்தேன்.

கொக்கியைக் கழற்ற நான் கையை நீட்டினேன். சரசக்கா என்னைத் தள்ளிவிட்டு அவரே அந்த சிவப்பு பட்டனை அமுக்கினார். பட்டைகள் இரண்டும் சட்டென்று விலகிவிட்டன. பிள்ளை கைக்கு வந்துவிட்டான். அவர் அப்படியே நின்றார்.

"இவ்ளோதானா? ஒரு அமுக்குதானா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்.

வேலு கங்காணி ஒரு ஓரமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இவர் போய்ப் பக்கத்தில் நின்று, கதவைச் சாத்தினது சரி, சாத்தாவிட்டால் லொறி அடித்திருக்கும், சாவியை விட்டு இறங்கினவன் நான்தான் என்று சொன்னார். கங்காணி, கண்ணாடி கிழித்து இவர் கையில் வந்த ரத்தத்தைத் தன் தலைப்பாகையால் துடைத்துவிட்டார்.

அந்த வாரமே நானாவிடம் சொல்லி இன்னொரு சாவி வெட்டினோம். அது எப்போதும் என் மேலேயே இருக்க வேண்டும், பையில் வைத்தால் பையை எங்கேயாவது வைத்துவிடுவாய் என்றார். எங்கே வைப்பது என்று யோசித்துக் கடைசியில் தாலிக் கயிற்றில் ஊக்கோடு சேர்த்துக் கோத்துக்கொண்டேன். "இப்பதான் ஹெல்பருக்கு சம்பள உயர்வு" என்றார். வேனில் அவர் விட்ட ஒரே பகிடி அது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போயிருக்கும். காய்ச்சல் வந்தது.

அவரைக் கூடத்தில் படுக்கவைத்து, இரண்டு கால் கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். பிரேக்கை அமுக்குகிற கால். நான், அவுத்துவிடுங்க, அவுத்துவிடுங்க என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. சரசக்கா என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கருமாதி அன்று தாலியைக் கழற்றியபோது சாவியும் அதோடு சேர்ந்து வந்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சரசக்காதான் சாவியை மட்டும் உருவி, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

நான் வீட்டுக்குள் இருந்த அந்த நாட்களில் பிள்ளைகள் வேறு வேனில் போனார்கள். நித்து இரண்டு சீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு போனானாம். கதவு ஓரத்தில் ஒரு பிள்ளை மடியில் இன்னொரு பிள்ளையாம். இதைக் கேட்டுத்தான் நான் எழுந்தேன். நானாவுக்கு போன் பண்ணி நானே ஓட்டுகிறேன் என்றேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று தயங்கினார். முடிகிற வரைக்கும் ஓட்டுகிறேன் நானா என்றேன். சரி என்றார்.

முதல் நாள் காலை. ஹெல்பர் கிடைக்கவில்லை, இரண்டு பேர் வேலையையும் நான்தான் பார்க்க வேண்டும். வேனை நிறுத்தி, கட்டையை வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். பெரிய பிள்ளைகள் அவர்களாகவே போட்டுக்கொண்டார்கள். நித்துவின் சீட்டுக்கு வந்தேன். பட்டையைத் தோளில் போட்டேன். கொக்கியில் சேர்க்க வேண்டும். கை வரவில்லை. எனக்கு அவர் கால்தான் தெரிந்தது, அந்த வெள்ளைத் துணிதான் தெரிந்தது. இறங்கிப்போய்க் கான் ஓரம் நின்றுவிட்டேன்.  இனி இந்த வேலை என்னால் முடியாது, திரும்பவும் அந்த வேனில்தான் பிள்ளைகள் நின்றுகொண்டு போகும் என்று நினைத்தேன்.

சரசக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக் கதவுக்குக் கூட்டிப்போனார். உள்ளே குனிந்து நித்துவின் பெல்ட்டை அவரே மாட்டினார். டக் என்று சத்தம் வந்தது. அமுக்கினார், விலகியது. திரும்ப மாட்டினார், திரும்ப அமுக்கினார். நித்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"பாத்தியா தங்கச்சி. அமுக்குனா விட்டுருது. அன்னைக்கு அவருக்கு கட்டுனது வேற. எம்புள்ளைக்கு கட்டுனாங்களே, அதுவும் வேற. இது ஸ்கூலுக்கு போயிட்டு பின்னேரம் வரதுக்கு." பட்டையை என் கையில் கொடுத்தார். "இப்ப நீ போடு. பெரட்டுக்கு நேரமாச்சு. கங்காணி பேரு போடாட்டி ஒன் வீட்டுலதான் வந்து ஒக்காருவேன்."

நான் போட்டேன். ஒரு விரல் விட்டுப் பார்த்தேன். அவரும் ஒரு விரல் விட்டுப் பார்த்தார். கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். "குளிருக்கு போர்த்து, போதும். எனக்காக மறைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு ஓடினார். அன்று பெரட்டுக்குப் பிந்தித்தான் போயிருப்பார். வேலு கங்காணி பேர் போட்டுவிட்டாராம்.

அப்படித்தான், கௌசி, பழக்கினோம். வேறு ஒரு வித்தையும் இல்லை. இரண்டாவது சாவியையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். கருப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். கல்யாணம் ஆனால் எங்கே போடுவது என்று கேட்டாள். வருகிறவனைக் கேட்டுக்கொள் என்றேன்.

நேற்று பதுளைக்கு கிளினிக் போனேன். கௌசிதான் ஓட்டினாள், சரசக்கா துணைக்கு வந்தார். வேலை ஒன்றும் இல்லாமல் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போவது எனக்குப் புதிது. பெல்ட்டைக் கையில் எடுத்தவள், வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரசக்கா என் கையிலிருந்து வாங்கி, மிட்வைப் சொன்ன மாதிரியே இடுப்புப் பட்டையை வயிற்றுக்குக் கீழே தொடையோடு இறக்கிப் போட்டார். மேல் பட்டையை நெஞ்சுக்கு நடுவில் விட்டு வயிற்றுக்கு ஓரமாகக் கொண்டுவந்தார். ஒரு விரல் விட்டும் பார்த்தார்.

திரும்பி வரும்போது பெரகலை வளைவில் கௌசி கொஞ்சம் அமுக்கிப் பிரேக் போட்டாள். பட்டை என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே பிள்ளை எழுந்து நன்றாக ஒரு உதை விட்டது. நான் வயிற்றில் கையை வைத்ததை சரசக்கா பார்த்துவிட்டார்.

"அழுத்துதா தங்கச்சி? அவுத்து விடவா?"

"வேணாங்க்கா," என்றேன். "இருக்கட்டும். வீட்டுக்கு போயி அவுத்துக்குவோம்."